வாளியில் நட்டிருக்கலாம்

லண்டனில் முதன்முதலாக வீடு வாங்கும் யாழ்ப்பாணத்தானுக்குச் சாவி கைக்கு வந்த நாளிலிருந்து கொஞ்சக் காலம் மூளை வேலை செய்யாது. மருத்துவ உலகம் இதை ஏற்றுக்கொள்ளுமோ தெரியாது, ஆனால் ஒரு மருத்துவர் ஏற்றுக்கொண்டார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நேற்றுவரை வாடகை அறையில் சாமிப்படம் மாட்ட ஒரு ஆணி அடிக்கவும் வீட்டுக்காரனைக் கேட்டு நின்றவன், சொந்தக் கதவைத் திறந்ததும் குறுநில மன்னனாகிவிடுவான். காலையில் தேநீரோடு பின்வளவுக்குப் போய், இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, இராச்சியத்தின் எல்லைகளைப் பார்வையிடுவான். (இரண்டு கையும் இடுப்பில் என்றால் கோப்பை எங்கே என்று கேட்பீர்கள். வேலியின் மேல். அப்படி என் கோப்பைகளில் பாதி ஓடைக்குள் போயின.)

என் இராச்சியம் மோர்டனில் இருந்தது, இன்னும் இருக்கிறது. ஒடுங்கிய நீட்டு வளவு, அதன் முடிவில் பலகை வேலி, வேலிக்கு அப்பால் ஒரு சிற்றோடை. குளிர்காலத்தில் வாங்கியபோது வளவில் சேறும் ஒரு உடைந்த கதிரையும் மட்டும் கிடந்தன. வசந்தம் வந்ததும் ஓடைப்பக்க மூலையில் ஒன்று முளைத்தது.

முளைத்தது என்பது மரியாதைக் குறைவு. எழுந்தருளியது. ஒவ்வொரு இலையும் அரிசி புடைக்கும் சுளகு அளவு. தண்டு என் கையை விடத் தடிப்பு, பச்சையில் ஊதாப் புள்ளிகள், மேலெல்லாம் மயிர். நான் அதைப் பார்த்துப் பூரித்துப்போனேன்.

"சுகந்தி, இஞ்சை வந்து பார்! எங்கடை மண்ணைப் பார்!" என்று மனைவியைக் கூப்பிட்டேன்.

சுகந்தி குசினி வாசலில் நின்றபடியே பார்த்தாள். "உது களை மாதிரிக் கிடக்கு."

"களையோ? களை உவ்வளவு வடிவா வளருமே?"

"களைதான் வளரும். நீங்கள் நட்ட கத்தரி எங்கை?"

கத்தரி செத்துப்போயிருந்தது. அந்த வாதத்தை நான் தொடரவில்லை. பதிலாக, மீன் கழுவிய தண்ணீரை ஒவ்வொரு கிழமையும் கொண்டுபோய் அந்தச் செடியின் அடியில் ஊற்றினேன். அது நன்றியோடு வளர்ந்தது. ஆனி பிறந்தபோது என்னைத் தாண்டிப் பத்தடி உயரத்தில், திருவிழாக் குடை மாதிரி வெள்ளைப் பூ விரித்து நின்றது.

அந்த ஆனியில்தான் என் தம்பி ரமணனுக்குக் கல்யாணம். அப்பாவும் அம்மாவும் இல்லாததால் மாப்பிள்ளை வீடு என்றால் என் வீடுதான். ரமணன் பாதாள ரயில் ஓட்டுகிறவன். பயிற்சி முடித்து, பரீட்சை பாஸ் பண்ணி, தனியாக ஓட்டத் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பெண் கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸ், பெயர் வினோதா. ஆடியில் எங்கள் ஆட்கள் கல்யாணம் வைக்கமாட்டார்கள் என்பதால் ஆனிக்குள் முடித்துவிட வேண்டும். மண்டபம், மணவறை, மேளம், சாப்பாடு எல்லாம் சொல்லியாயிற்று. ஒரு நாளும் அசைக்க ஏலாது.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கு நடக்கும். தாலிக்கான பொன்னை நல்ல நேரம் பார்த்து உருக்குவார்கள். அன்றைக்கே வளவின் ஈசான மூலையில், அதாவது வடகிழக்கில், கன்னிக்கால் என்று ஒரு தடியை நட்டுப் பூசை செய்வார்கள். ஊரில் அது முள்முருக்கந்தடி. லண்டனில் ஐயர் காரின் பின்பெட்டியிலிருந்து ஏதோ ஒரு தடியை எடுத்துத் தருவார், நாங்களும் அதை முள்முருக்கு என்று நம்பி விழுந்து கும்பிடுவோம். அதை நடுவது வாளியில். ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் கடையில் வாங்கிய மண். வாளிக்கு மஞ்சள் பட்டு சுற்றிவிட்டால் படத்தில் தெரியாது. மாடி வீட்டுக்காரர், வாடகை வீட்டுக்காரர், முழு வளவுக்கும் சீமெந்து போட்டவர், எல்லாருக்கும் வாளிதான்.

"வாளி ஒண்டு வாங்கோணும்," என்றாள் சுகந்தி.

நான் எழுந்து நின்றேன். (சாதாரண விஷயங்களை இருந்துகொண்டே பேசுவேன்.) "இந்த நாட்டுக்கு அகதியா வந்த காலம் துவக்கம் எங்கடை சனம் வாளியிலைதான் கன்னிக்கால் நடுகுது. சொந்த மண் இல்லாதவனுக்கு வாளி. எனக்கேன் வாளி? என்ரை தம்பிக்கு நான் மண்ணிலை நடுவன்!"

சுகந்தி என்னைப் பார்த்தாள். "சரி, நடுங்கோ. ஈசான மூலை எது?"

கைத்தொலைபேசியில் திசைகாட்டியை எடுத்துக்கொண்டு வளவுக்குள் இறங்கினேன். முள் ஆடியது, சுற்றியது, கடைசியில் வடக்கைக் காட்டி நின்றது; வடகிழக்கில் நேராக அந்தப் பத்தடிச் செடி.

அதைத் தறிப்பதென்று அப்போதே முடிவாயிற்று. ஒரு மரியாதைக்காக, தறிக்கமுன் பக்கத்தில் நின்று படம் பிடித்துக் குடும்பக் குழுவுக்கு அனுப்பினேன். சிறிது நேரத்தில் கலிபோர்னியாவில் இருக்கும் பாஸ்கரன் மச்சானிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. பாஸ்கரன் மச்சானின் குரல்செய்திகள் எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். பிறந்தநாள் வாழ்த்தைக்கூட அவர் வரலாற்றுப் பின்னணியோடுதான் சொல்வார். நான் அதை இரட்டை வேகத்தில் போட்டுவிட்டு முட்டை பொரித்தேன்.

அவர் சொன்னது இதுதான். அவருடைய வளவில் பொய்சன் ஓக் என்று ஒரு நச்சுச்செடி இருந்ததாம். அதைப் பிடுங்க அவர் பட்ட பாட்டில் இருந்து, யார் செடியோடு படம் எடுத்தாலும் அது என்ன செடி என்று தேடிப் பார்ப்பாராம். "உது எங்கடை பொய்சன் ஓக் இல்லையடா, அதைவிட மோசமான சாமான். ஜயன்ட் ஹொக்வீட் எண்டு பேர். உதைத் தொடாதை. தொட்டே தீருவன் எண்டால் நீட்டுக்கை உடுப்பு, கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி..." பிறகு மண்வெட்டி, வேர், சவர்க்காரம், வெயில் என்று என்னென்னவோ. அந்த நேரம் பார்த்து முட்டை கருகத் தொடங்கியது. உடுப்பு, கையுறை, கண்ணாடி. மூன்றையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

இன்னொரு எச்சரிக்கையும் வந்தது. பக்கத்து வீட்டு மார்கரெட், எழுபதைத் தாண்டிய ஆங்கிலேயப் பெண்மணி, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "நானாக இருந்தால் அதில் கை வைக்கமாட்டேன், டியர்," என்று சிரித்தபடி சொல்லிவிட்டு ரோசாவுக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். எங்கள் ஊரில் அப்படியொன்றைச் சொல்வதானால் வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து, கத்தியைப் பறித்து, தலையில் ஒரு குட்டும் குட்டியிருப்பார்கள். இந்த நாட்டில் 'உன் வீடு பற்றி எரிகிறது' என்பதையும் 'இன்றைக்குக் கொஞ்சம் சூடு' என்ற குரலில்தான் சொல்வார்கள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அந்த அம்மாவுக்குத் தன் ரோசாவை விட என் பூ பெரிது என்று பொறாமை என நினைத்தேன்.

பொன்னுருக்குக்கு முந்திய சனிக்கிழமை, அந்த வருடத்திலேயே கொடுமையான வெயில். ரமணன் காலை ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வந்தான். நான் தயாராக நின்றேன். சுகந்தியின் மழைக்கோட்டு, பாத்திரம் கழுவும் மஞ்சள் கையுறை, நீச்சல் கண்ணாடி, தலையில் ஒரு சுப்பர்மார்க்கெட் பை.

"அண்ணை, என்ன உது கோலம்? கோழிப் பண்ணையே?" என்றான்.

"பாதுகாப்பு, தம்பி. உனக்கும் எடுத்து வைச்சிருக்கிறன்."

அவன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சாரத்தைக் கட்டிக்கொண்டு வெறும் மேலோடு இறங்கினான். நான் தடுத்திருக்க வேண்டும். நான் யார் தெரியுமா? ஒரு களஞ்சியத்தில் மேற்பார்வையாளன். ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் ஆட்களை வரிசையாக நிறுத்தி, 'கையுறை போடாதவன் உள்ளே வரக்கூடாது' என்று பிரசங்கம் செய்து சம்பளம் வாங்குகிறவன். அந்த நான், பத்து நிமிடம் மழைக்கோட்டுக்குள் அவிந்துவிட்டு, கோட்டைக் கழற்றினேன். பிறகு கண்ணாடி மூச்சுச் சூட்டில் புகார் பிடித்து மங்கியது என்று அதையும் கழற்றினேன். பிறகு கையுறைக்குள் வியர்வை என்று அதையும். கடைசியில் தலையில் பையும் இடுப்பில் சாரமுமாக நின்றேன். தலையை மட்டும் காப்பாற்றினேன். உள்ளே ஒன்றும் இல்லாத உறுப்பு அது ஒன்றுதான்.

இறைச்சி வெட்டும் கத்தியைத் தூக்கி நடுத்தண்டில் போட்டேன். உள்ளே வெறும் குழாய். பளிச்சென்று பால் தெறித்தது. பால் என்கிறேன், உண்மையில் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. என் நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டது. மறுபக்கம் தண்டைப் பிடித்து வளைத்துக்கொண்டிருந்த ரமணனின் முகத்திலும் பட்டது. அவன் புறங்கையால் கண்ணைத் துடைத்தான். அந்தக் கையிலும் அதே பால்தான் வழிந்தது.

"எரியுதோ?"

"இல்லை அண்ணை, சும்மா தண்ணி."

அதுதான் அந்தச் செடியின் சூழ்ச்சி. பட்டவுடன் ஒன்றுமே செய்யாது. நாங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள் வாழைக்குட்டி வெட்டுவதுபோலப் பாட்டும் பகிடியுமாக வெட்டிச் சாய்த்தோம். வெற்றிப்படம் வேறு எடுத்தோம். பிறகுதான் கை ஒட்டுவது தெரிந்தது.

கையில் ஏதாவது ஒட்டினால், மணத்தால், கறுத்தால் எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து தேசிக்காய். (இந்தியத் தமிழர்கள் எலுமிச்சை என்பார்கள்.) தலைமுழுக்குக்குத் தேசிக்காய், மீன் வாடைக்குத் தேசிக்காய், கண்ணூறுக்கும் தேசிக்காய். கல்யாண வீடு என்பதால் ஒரு கூடை நிறையக் கிடந்தது. பாதிபாதியாக வெட்டிக் கை, நெஞ்சு, வயிறு என்று தேய்த்தோம். ரமணன் கழுத்திலும் கன்னத்திலும் தேய்த்தான். குழாயில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொண்டோம். துவாயெடுக்க உள்ளே போனால் சுகந்தி வேலை சொல்வாள் என்பதால், ஈரம் காய வளவிலேயே கதிரை போட்டு மல்லாந்தோம். அப்படி ஒரு வெயில் இந்த நாட்டில் எப்போதாவதுதானே கிடைக்கும். பின்னேரம்வரை கிடந்தோம்.

அடுத்த நாள் விடிய என் வயிறு அடுப்புத்தணல் மாதிரிச் சிவந்திருந்தது. வெயில் சூடு என்று நினைத்துத் தேங்காயெண்ணெய் தடவினேன். அப்போது இரவு எங்கள் வீட்டிலேயே தங்கிய ரமணன் மாடியில் இருந்து கூப்பிட்டான். அவன் கூப்பிட்ட விதம் சரியாக இல்லை.

"அண்ணை. இடக்கண்ணைத் திறக்க ஏலாமல் கிடக்கு. மண் விழுந்த மாதிரி. லைட்டை நூருங்கோ."

"லைட் போடேல்லையேயடா."

"அப்ப யன்னலை மூடுங்கோ."

மூடினேன். திரையை இழுக்கும்போது விழுந்த வெளிச்சத்தில் அவன் முகத்தைக் கண்டேன். கன்னத்தில், கழுத்தில், நெற்றியில் சிவப்புச் சொட்டுகள், பெயின்ட் தெளித்ததுபோல. இடக்கண் வீங்கி மூடிப்போயிருந்தது. சுகந்தி எனக்குப் பின்னால் வந்து நின்றாள். கார் சாவியை எடுத்துத் தந்தாள். அவள் ஏசாமல் விட்ட நேரங்களை என் வாழ்க்கையில் விரல்விட்டு எண்ணலாம். அதில் இது முதலாவது.

ஆஸ்பத்திரியில் ரமணனின் கண்ணை நீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்தார்கள். என்னை ஒரு இளம் பெண் மருத்துவர் விசாரித்தார். செடியின் படத்தைக் காட்டினேன்.

"இதை எதால் கழுவினீர்கள்?"

"தேசிக்காய்... லைம்."

"மன்னிக்கவும்?"

"லைம். பாதியாக வெட்டி, உடம்பில் தேய்த்தோம்."

"அதன் பிறகு?"

"வெயிலில் காய்ந்தோம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். திரைக்கு அப்பால் நின்ற இன்னொரு மருத்துவரைக் கூப்பிட்டு, "தயவுசெய்து இதை இவருக்கும் ஒருமுறை சொல்லுங்கள்," என்றார். சொன்னேன். அந்த மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பிறகு அந்தப் பெண் மருத்துவர் விளக்கினார். அந்தச் செடியின் பால் தானாகச் சுடுவதில்லை. அது தோலில் ஊறி இருக்கும்போது வெயில் பட்டால்தான் தோல் வேகும். பட்டவுடன் சவர்க்காரமும் குளிர்ந்த தண்ணீரும் போட்டு நன்றாகக் கழுவி, இரண்டு மூன்று நாள் வெளிச்சம் படாமல் மூடி வைத்திருந்தால் பெரும்பாலும் தப்பியிருப்போம். தேசிக்காய்ச் சாற்றிலும் அதே வேலையைச் செய்யும் பொருள் இருக்கிறது. "ஒருமுறை பொரித்ததை நீங்கள் மறுபடியும் எண்ணெயில் போட்டிருக்கிறீர்கள்," என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "வீடு அண்மையில் வாங்கினதா?" என்று கேட்டார்.

"ஓம்."

"நினைத்தேன்," என்றார்.

தாதி என்ன வேலை என்று கேட்டார். களஞ்சியப் பாதுகாப்புப் பிரசங்கத்தை நினைத்துக்கொண்டு, "பெட்டி தூக்குகிறேன்," என்றேன்.

அத்தோடு சிரிப்பு முடிந்தது. கண் மருத்துவர் வந்து என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். வலக்கண்ணுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. இடக்கண்ணின் கருவிழிக்கு மேலே வெந்திருக்கிறது. புண் ஆறும், ஆனால் தழும்பு விழுமா, பார்வை பழையபடி வருமா என்பதை இப்போது சொல்ல ஏலாது. பொறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு கண்ணிலும் துணி கட்டிய ரமணனின் கையைப் பிடித்துக்கொண்டு நடைக்கூடத்தில் இருந்தேன்.

"அண்ணை, பாஸ்கரன் மச்சான் ஏதோ அனுப்பினவர் எண்டனீங்கள். வெயிலைப் பற்றி அவர் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சொன்னவர்."

"பிறகு?"

"கடைசியிலை சொன்னவர். அப்ப முட்டை கருகிப்போச்சு."

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தாழ்ந்த குரலில் கேட்டான்.

"ஒரு கண்ணோடை றெயின் ஓட விடமாட்டாங்கள், என்ன?"

எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பவன் நான். செத்த வீட்டில்கூடச் சிரிக்கவைத்திருக்கிறேன். அன்றைக்கு அவன் கையை இறுக்கிப் பிடிக்க மட்டும்தான் முடிந்தது. அவன் என் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "உங்கடை கையும் கொப்புளிக்குது, காட்டுங்கோ அவையிட்டை," என்றான். கண் தெரியாமல் கிடந்தவன் எனக்கு மருந்து கேட்டான்.

அடுத்த நாட்களில் எங்கள் இருவருக்கும் தோல் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உடைந்தது. என் வயிற்றைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை, நான் உட்பட. செவன் கிங்ஸ் வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. சொன்னேன். பெண்ணின் தாய் தொலைபேசியில் அழுதார். பிறகு, "தம்பி, ஆடி கழிச்சு வைப்பமோ? கண் விசயம்... எங்களுக்கும் பொம்பிளைப் பிள்ளை எல்லோ," என்றார். அதில் பிழை இல்லை. கண் திரும்பாவிட்டால், வேலை திரும்பாவிட்டால் என்று அவர் கணக்குப் பார்த்ததை நான் ஏச ஏலாது. ஆனால் அதை ரமணனுக்கு நான் சொல்லவில்லை. சொல்லாமலே அவனுக்குத் தெரிந்திருந்தது.

அன்று பின்னேரமே வினோதா தனியாக ரயிலேறி வந்துவிட்டாள். திரை மூடிய அறைக்குள் போய்க் கட்டிலோரம் இருந்தாள். நான் வாசலில் நின்றேன். (ஒட்டுக்கேட்டேன் என்று சுகந்தி சொல்வாள். வாசலில் நின்றேன்.)

"அம்மா தள்ளி வைக்கச் சொல்லுறா," என்றாள்.

"அவ சொல்லுறது சரிதானே. கண் எப்பிடி வருமோ தெரியாது. யோசிச்சுச் சொல்லும்," என்றான் ரமணன்.

"யோசிச்சிட்டன். எனக்கு ஒண்டு சொல்லுங்கோ. தேசிக்காய் ஐடியா ஆற்றை?"

"அண்ணையின்ரை."

"நல்ல காலம். உங்கடை எண்டால் கட்டாயம் கல்யாணத்தை நிப்பாட்டியிருப்பன்."

உள்ளே முதன்முறையாக அவன் சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் குசினிக்குப் போய்த் தேசிக்காய்க் கூடையை எடுத்துக் குப்பையில் கொட்டினேன். சுகந்தி பார்த்துக்கொண்டு நின்றாள். அழுதேனா என்று கேட்காதீர்கள். கைக் கொப்புளத்தில் தேசிக்காய் பட்டது.

இனிப் பொன்னுருக்கு. ஈசான மூலையில் தறித்த செடி அப்படியே சரிந்து கிடந்தது, கிட்டப் போக ஒருவருக்கும் துணிவில்லை. ஐயருக்குத் தொலைபேசி எடுத்து, "ஐயா, மூலை துப்பரவில்லை, மண்ணிலை நட ஏலாது, என்ன பரிகாரம்?" என்று கேட்டேன்.

"பரிகாரமோ? வீட்டிலை வாளி இல்லையோ?"

"இருக்கு."

"அப்ப என்ன? நான் இந்த நாட்டுக்கு வந்த நாள் துவக்கம் வாளியிலைதானே நடுறன். நல்லாத்தானே வாழுதுகள் சனம்."

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினேன். சுகந்தி சிவப்பு வாளி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நின்றாள். சும்மா தூக்கிக்கொண்டு நின்றாள்.

திரைகள் எல்லாம் மூடிய முன்னறையில், அரையிருட்டில், வாளியில் கன்னிக்கால் நட்டோம். நல்ல நேரத்தில் பொன் உருகியது. அந்தச் சின்ன நெருப்பு வெளிச்சத்துக்கும் ரமணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கல்யாணம் சொன்ன நாளிலேயே நடந்தது. வலக்கண் கட்டு அவிழ்த்தாயிற்று, இடக்கண்ணுக்கு மூடி, இரண்டுக்கும் மேலே பெரிய கறுப்புக் கண்ணாடி. பட்டுத் தலைப்பாகையும் கறுப்புக் கண்ணாடியுமாக மணவறையில் இருந்தவனைப் பார்த்து, பெண் பக்கத்து ஒரு மாமி என்னிடமே, "மாப்பிள்ளைக்கு மாறுகண்ணோ?" என்று காதுக்குள் கேட்டார். "இல்லை மாமி, ஸ்டைல்," என்றேன். படப்பிடிப்பாளரின் விளக்குகளை அணைக்கச் சொன்னோம். மண்டபத்து யன்னல்களுக்குச் சேலை கட்டினோம்.

தாலிகட்டும் நேரம் வந்தது. எங்கள் தாலிக்கொடியைக் கழுத்துக்குப் பின்னால் ஒரு திருகுச் சுரையால் பூட்ட வேண்டும். ரமணனின் விரல்களில் துணி. கண்ணும் சரியாகத் தெரியவில்லை. மேளம் உச்சத்தில் கொட்டுகிறது, அட்சதை விழுந்து முடிகிறது, சுரை பூட்டுப்படவில்லை. அவன் விரல் சுரையைத் தேடித் தடவுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நான் போய்ப் பூட்ட ஏலாது, வேறு யாரும் தொடக்கூடாது. சபை முழுக்க எழுந்து நிற்கிறது. அப்போது வினோதா தலையைக் குனிந்தபடியே ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய், அவன் விரலைப் பிடித்து, "இஞ்சாலை... கொஞ்சம் மேலை... ஓம், இப்ப திருகுங்கோ," என்று வழிகாட்டினாள். பூட்டியது. மேளகாரர் மூச்சுவிட்டார்.

ரமணனின் புண் ஆறியது. பார்வை மெல்ல மெல்லத் திரும்பியது. ஆனால் இடக்கண்ணின் ஓரத்தில் ஒரு சின்னப் புகார் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. குளிர்காலம் வரும்வரை அவனை ரயிலில் ஏற்றவில்லை, அலுவலகத்தில் ஒரு மேசையில் வைத்திருந்தார்கள். பிறகு கண் பரிசோதனையில் பாஸ் பண்ணிவிட்டான். அந்தச் செய்தி வந்த அன்றுதான் நான் மறுபடி ஒழுங்காகச் சாப்பிட்டேன் என்று சுகந்தி சொல்கிறாள். இன்றும் ரயில் சுரங்கத்தை விட்டு வெளிச்சத்துக்கு வரும் இடங்களில் அவனுக்குக் கண் கூசும். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "அண்ணை வாழ்க" என்று ஒருமுறை சொல்வானாம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை வாழ்கிறேன் என்று நான் கேட்பதில்லை.

தறித்த செடி செத்திருக்கும் என்று நினைத்தேன். மேலே தறித்தால் அது கீழிருந்து மறுபடி கிளம்பும் என்பதை, பாஸ்கரன் மச்சானின் குரல்செய்தியைச் சாதாரண வேகத்தில், அடுப்பு மூட்டாமல், இரண்டு தரம் கேட்டு அறிந்துகொண்டேன். வானம் மப்பு மூடி வெயில் இல்லாத ஒரு நாளில், உடம்பில் ஒரு இடமும் தெரியாமல் மூடிக்கொண்டு, கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே ஒட்டுநாடா சுற்றி, முகமூடியும் கண்ணாடியும் போட்டு இறங்கினேன். கத்தியைத் தொடவில்லை. மண்வெட்டியைச் சரிவாக இறக்கி, மண்ணுக்குள்ளேயே வேரின் கழுத்தை அறுத்தேன். கொளுத்தவில்லை, உரக்குழியில் போடவில்லை. இரட்டைப் பையில் கட்டி, கவுன்சிலைக் கேட்டு அவர்கள் சொன்ன இடத்தில் ஒப்படைத்தேன். மண்வெட்டியைக் கழுவி, உடுப்பைத் தனியாகத் தோய்த்து, நானும் சவர்க்காரம் போட்டுக் குளித்தேன். மார்கரெட் வேலிக்கு மேலால் பார்த்து, "பரவாயில்லையே," என்றார். அது ஆங்கிலேயர் கொடுக்கும் ஆகப் பெரிய பட்டம் என்று இப்போது எனக்குத் தெரியும்.

விதைகள் மண்ணுக்குள் வருடக்கணக்காகக் கிடக்குமாம். அதனால் ஒவ்வொரு வசந்தத்திலும் அதே கோலத்தில் போய் ஈசான மூலையில் குந்தியிருந்து குட்டிச் செடிகளை வேரோடு கிண்டி எடுக்கிறேன். ரமணனும் வினோதாவும் அதைப் பார்க்கவென்றே வருவார்கள். யன்னலுக்கு உள்ளே கறுப்புக் கண்ணாடியோடு இருந்து, யன்னலைத் தட்டித் தட்டி அவன் கட்டளை போடுவான். என் வயிற்றில் அவுஸ்திரேலியா வடிவத்தில் ஒரு மண்ணிறத் தழும்பு இருக்கிறது. கோயிலில் மேற்சட்டையைக் கழற்றும்போதெல்லாம் யாராவது விசாரிப்பார்கள். சொந்த மண் என்பேன்.

எங்கள் குடும்பத்தில் அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணங்கள் நடந்துவிட்டன. யாருக்குப் பேச்சு முற்றானாலும், நாள் வைக்கமுன்பே, மண்டபம் பார்க்கமுன்பே, முதலில் நடப்பது ஒன்றுதான். என் தொலைபேசிக்கு ஒரு படம் வரும். புத்தம்புது வாளி, விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காமல். கீழே ரமணன் எழுதியிருப்பான்:

"அண்ணை, வாங்கியாச்சு. நீங்கள் வளவுக்குள்ளை இறங்காதேங்கோ."